சாத்தூர்ப் பக்கத்துக் குருசாமியை நூலகத்தில் தேடலாமா?

இழையைத் தொடங்கிய ‘காராச்சேவு’ என்பவர் கேட்டது, மார்ச் 2

குடும்ப வரலாறு வேண்டுமா, நூலகத்துக்குப் போ என்று எல்லாரும் சொல்கிறார்கள். போய்ப் பார்த்தாயிற்று. எங்கள் ஊர் சாத்தூர் தாலுகாவில் ஒரு சின்ன கிராமம். விருதுநகர் மாவட்டம் பற்றிக் கிடைத்ததை எல்லாம் புரட்டினேன். ராஜா, ஜமீன், கோவில், கலெக்டர், அவ்வளவுதான். வீட்டில் சொல்லும் கதை ஒன்றே ஒன்று: தாது வருஷப் பஞ்சத்தில் கொள்ளுத்தாத்தா குருசாமி வடக்கேயிருந்து கட்டின வேட்டியோடு இந்த ஊருக்கு வந்தார். சாதாரண சம்சாரிக்கு நூலகத்தில் ஒன்றும் கிடையாது என்பதுதான் என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

என் பதில்கள்: மார்ச் 2, இரவு 11.10

மறுக்கிறேன். பெயரை வைத்துத் தேடினால் நூறு வருஷம் தேடினாலும் கிடைக்காது, அது வாஸ்தவம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான், அதுவும் தலைமுறைக்கு ஒன்று. ஊரை வைத்துத் தேடுங்கள். ஊருக்குள் நிலத்தைத் தேடுங்கள். நிலத்துக்காரன் பெயர் தானாக வரும். நான் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரன், இப்போது இருப்பது சென்னையில். எங்கள் குடும்பத்தை இப்படித்தான் நாலு தலைமுறை பின்னால் பிடித்தேன்.

மார்ச் 3, காலை

இன்னொன்று. தம்பி தேடினது தப்பான மாவட்டத்தில். விருதுநகர் மாவட்டம் வந்ததே 1985-ல். அதற்கு முன் ராமநாதபுரம். அந்த ராமநாதபுரம் மாவட்டமும் 1910-ல்தான் உண்டானது, அதுவரை சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் திருநெல்வேலியில் இருந்தன. தாது வருஷம் என்றால் 1876-77. அந்தக் காலத்துச் சாத்தூரைத் திருநெல்வேலிப் புத்தகங்களில்தான் பார்க்க வேண்டும்.

இந்த எல்லைக் குழப்பம் எல்லாருக்கும் உண்டு. செங்கோட்டைக்காரர்கள் 1956 நவம்பருக்கு முன்னால் திருவிதாங்கூர், அவர்கள் திருவனந்தபுரம் போக வேண்டும். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். முதல் வேலையாக உங்கள் ஊர் எந்த வருஷம் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 3, இரவு

சரி, எந்தப் புத்தகம் என்று கேட்டிருக்கிறார். திருநெல்வேலிக்கு மூன்று. ஸ்டூவர்ட் தொகுத்த மாவட்ட மேனுவல், 1879. கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம், 1881. பேட் எழுதிய கெசட்டியர், 1917. மூன்றும் ஆங்கிலம். சென்னை கன்னிமாரா நூலகத்தில் பார்க்கலாம், ஸ்கேன் செய்த பிரதிகள் இணையத்திலும் கிடைக்கின்றன. ‘டின்னவெல்லி’ என்ற பழைய எழுத்துக்கூட்டில் தேடினால்தான் அகப்படும். விருதுநகரைத் தேடுபவர்கள் ‘விருதுபட்டி’ என்றும் தேடிப் பாருங்கள்.

உங்கள் குருசாமி இவற்றில் இருக்க மாட்டார். ஆனால் அவர் எந்த மண்ணில் என்ன விதைத்தார், எந்தச் சந்தைக்கு வண்டி கட்டினார், தீர்வை எப்படிப் போட்டார்கள், எந்த வருஷம் மழை பொய்த்தது என்பதெல்லாம் கிடைக்கும். மதுரையிலிருந்து சாத்தூர் வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-ல். பஞ்சமும் ரயிலும் ஒரே வருஷம். கரிசல் பருத்தியை மாட்டுவண்டியில் துறைமுகத்துக்கு அடித்துக்கொண்டிருந்த ஆட்கள் அப்புறம் என்ன செய்தார்கள்? உங்கள் வீட்டுக் கதையில் வண்டி வருகிறதா என்று பெரியவர்களிடம் கேளுங்கள்.

அதிர்ஷ்டம் இருந்தால் உங்கள் ஊருக்கே தனி ஆய்வு இருக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களை அனுப்பிச் சில கிராமங்களை ஆராய்ந்து 1918-ல் புத்தகமாக்கினார். அதில் உங்கள் பக்கத்து வடமலாபுரமும் எங்கள் பக்கத்துக் கங்கைகொண்டானும் உண்டு. 1961 சென்சஸிலும் சில கிராமங்களைத் தேர்ந்தெடுத்துத் தனித்தனி வெளியீடு போட்டார்கள். கிணறு எத்தனை, கடன் எவ்வளவு, என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதியிருப்பார்கள். வடமலாபுரத்துக்காரன் யாராவது இந்த இழையில் இருந்தால் கொடுத்து வைத்தவன்.

மார்ச் 5

நூலகத்துக்குப் போகுமுன் வீட்டைக் குடையுங்கள். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், பரவாயில்லை.

மொய் நோட்டை யாரும் ஆவணமாக நினைப்பதில்லை. எங்கள் அத்தை வீட்டில் 1950-களின் கல்யாண மொய் நோட்டு ஒன்று இருந்தது. ஊர் வாரியாக எழுதியிருந்தார்கள்: ஊர்ப் பெயர், அதன் கீழே ஆட்கள், பக்கத்தில் ரூபாய் அணா. எங்கெங்கே கொண்டான் கொடுத்தான் என்பதற்கு அதைவிட நல்ல வரைபடம் கிடையாது. நாங்கள் கேள்வியே படாத ஒரு ஊரிலிருந்து வரிசையாக ஏழெட்டுப் பேர், எல்லாரும் பெரிய மொய். விசாரித்தால் பாட்டியின் தாய்மாமன் வகையறா. அந்தத் தொடர்பு எப்போது அறுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் கருமாதி பத்திரிகை. மகன், மகள், மருமகன், பேரன் என்று குடும்பமே வரிசையாக அச்சில் இருக்கும். ஜாதகக் கட்டு. பத்திரப் பெட்டி. பத்திரம் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள் தம்பி, சர்வே எண்ணை மட்டும் மறைத்துவிட்டு.

மார்ச் 8

காராச்சேவு போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அருமையான சரக்கு. முதல் வரி இப்படி இருக்கிறது:

கொல்லம் ௲௩௰௭ ௵ துன்மதி ௵ ஆவணி ௴ ௰௨ ௳

௲ ஆயிரம். ௩௰ முப்பது. ௭ ஏழு. ஆக 1037. ௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ தேதி. அதாவது கொல்லம் 1037, துன்மதி வருஷம், ஆவணி 12. திருநெல்வேலிச் சீமையில் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு சர்வசாதாரணம். ஆவணியில் புது வருஷம், அதனால் ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824 கூட்ட வேண்டும், அதற்குப் பிறகு 825. ஆக 1861, ஆகஸ்ட் கடைசி.

இதைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. துன்மதி அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும்: 1801, 1861, 1921. பொருந்துகிறது. எண்ணை மட்டும் நம்பினால் ஒரு குறியைத் தவறாகப் படித்து நூறு வருஷம் தள்ளிப் போய்விடலாம், வருஷப் பெயரை மட்டும் நம்பினால் அறுபது வருஷம். இரண்டும் சேர்ந்தால்தான் நம்பலாம். கிழமையும் நட்சத்திரமும் போட்டிருந்தால் எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகளை எடுத்து நாளையே பிடித்துவிடலாம், பெரிய நூலகங்களில் இருக்கும்.

ஆக, தாது வருஷத்துக்குப் பதினைந்து வருஷம் முன்னாலேயே உங்கள் ஊரில் ‘சுப்பையா குமாரன் குருசாமி’ நிலம் வாங்கியிருக்கிறார். கட்டின வேட்டியோடு வந்தவர் முத்திரைத்தாளில் கிரயம் முடித்திருக்கிறார்!

மார்ச் 8, சற்று நேரம் கழித்து

இழையில் ‘கல்வெட்டுக்கிறுக்கன்’ அண்ணாச்சி அந்த 1037-ஐப் பசலி, அதாவது நிலவரிக் கணக்கு ஆண்டு, என்று எடுத்துக்கொண்டு 590 கூட்டி 1627 என்கிறார். திருமலை நாயக்கர் காலத்துப் பத்திரமாம். அண்ணாச்சி, முதல் வார்த்தையே கொல்லம் என்றுதானே இருக்கிறது. போதாததற்கு மேலே கம்பீரமாக முத்திரை. திருமலை நாயக்கர் ஸ்டாம்பு வெண்டரிடம் வரிசையில் நின்றாரா?

ஆனால் பசலிக் கணக்கையும் எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். நிலவரி கட்டின கிஸ்தி ரசீது, பயிர்க் கணக்கான அடங்கல், வருஷாந்திரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி எல்லாம் பசலிதான். ஜூலை முதல் தேதி தொடங்கும், 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில வருஷம் வரும்.

மார்ச் 9

ராத்திரி படுத்த பிறகு ஒரு சந்தேகம். தம்பி, உங்களுக்கு நாற்பது வயது என்று வேறு இழையில் எழுதியிருந்தீர்கள். அப்பா 1950-களில் பிறந்திருப்பார், தாத்தா 1920-களில், கொள்ளுத்தாத்தா 1890-களில். 1861-ல் நிலம் வாங்கியவர் உங்கள் கொள்ளுத்தாத்தா ஆக முடியாது, தாது வருஷத்திலும் அவர் பிறந்திருக்க வழியில்லை. உங்கள் தாத்தா பெயர் சுப்பையா என்றீர்கள். நம் பக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான். சுப்பையா மகன் குருசாமி, குருசாமி மகன் சுப்பையா, மறுபடி குருசாமி, மறுபடி சுப்பையா. உங்கள் வீட்டில் இரண்டு குருசாமிகள் இருந்திருக்கிறார்கள். கதை சொன்னவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஒரே ஆளாக்கிவிட்டார்கள்.

பத்திரத்தில் வருபவர் மூத்த குருசாமி. அவருடைய அப்பா ஒரு சுப்பையா, 1800-களின் தொடக்கத்துக்காரர். ஒரே தாளில் இரண்டு தலைமுறை கூடிவிட்டது.

மார்ச் 9, மதியம்

சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்தப் பத்திரத்தின் நகல் கிடைக்குமா என்று கேட்டால், வேண்டாம், அலையாதீர்கள். இப்போதுள்ள முறைக்கு அடிப்படையான பதிவுச் சட்டமே 1864-ல்தான். அதற்குப் பிந்தைய பத்திரங்களுக்குப் போகலாம். வில்லங்கச் சான்று இணையத்தில் குறிப்பிட்ட வருஷத்திலிருந்துதான், முந்தையதற்கு நேரில் மனுப் போட்டுக் கையால் தேட வேண்டும். ஒரு அலுவலகத்தில் என்னை ‘இன்று ஆள் இல்லை, நாளை வாருங்கள்’ என்றே ஒரு கோடை முழுக்க நடக்கவிட்டார்கள். பெயர் வேண்டாம். கடைசியில் எடுத்துக் கொடுத்தது அங்கே ஓய்வுபெறும் நிலையில் இருந்த ஒரு அம்மாள், பத்தே நிமிஷத்தில்.

மார்ச் 12

அடடா. பத்திரத்தை மறுபடி முழுசாகப் படித்தேன். வாங்குபவரை ‘இன்ன கிராமத்திலிருக்கும்’ என்று சொல்கிறது, எல்லாப் பத்திரத்திலும் அப்படித்தான் எழுதுவார்கள், நாம் அதைத் தாண்டிப் பெயருக்கு ஓடிவிடுகிறோம். அந்தக் கிராமம் உங்கள் ஊர் இல்லை. படத்தில் பாதி அழிந்த எழுத்து, ஆனால் தாலுகா வரைபடத்தில் தேடினால் பொருந்துகிற ஊர் ஒன்றே ஒன்று. வைப்பாற்றுக்கு வடகரையில், ஒரு நடை தூரத்தில் இருக்கிறது.

வீட்டுக் கதை பொய்யில்லை தம்பி. வடக்கேயிருந்துதான் வந்திருக்கிறார்கள். வைப்பாற்றுக்கு வடக்கே.

நாலெல்லையையும் பாருங்கள். கிழக்கே இன்னார் நிலத்துக்கு மேற்கு, தெற்கே இன்னார் கிணற்றுக்கு வடக்கு என்று நான்கு பேர் வருகிறார்கள். அந்த நால்வரில் யாருடைய வம்சமாவது இன்னும் ஊரில் இருந்தால் அவர்கள் வீட்டுப் பத்திரத்தில் உங்கள் குருசாமி எல்லைக்காரராக வருவார். சொந்தப் பெட்டியில் இல்லாதது பக்கத்து வீட்டுப் பெட்டியில் இருக்கும்.

மார்ச் 13

பஞ்சத்தை என்ன செய்வது என்று கேட்கிறார். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், முடிவாக எடுக்க வேண்டாம். அந்தப் பஞ்சம் மிகக் கொடுமையாக அடித்தது பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம், கோயமுத்தூர் பக்கம். இங்கேயும் கஷ்டம் இருந்தது. 1861-ல் நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு வடகரையிலேயே இருந்திருக்கலாம், பஞ்சத்தில் அங்கே எல்லாம் போய், கையில் இருந்த இந்தத் துண்டு நிலத்தை நம்பிக் குடிபெயர்ந்திருக்கலாம். அப்படியென்றால் கட்டின வேட்டியும் உண்மைதான். இல்லையென்றால் பிற்காலத்தில் யாரோ எல்லாத் துயரத்தையும் தாது வருஷத்தின் தலையில் போட்டிருக்கலாம். தமிழ்நாட்டில் பாதிக் குடும்பங்கள் தாது வருஷத்தில்தான் இடம்பெயர்ந்ததாகச் சொல்கின்றன. ஏதாவது ஒரு கிஸ்தி ரசீது 1870-களில் கிடைத்தால் கேள்வி தீரும்.

மார்ச் 15

தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி தர்ஸ்டன் எழுதிய ஏழு தொகுதிகளை (1909) யாரோ எடுத்துப் போட்டு ‘எல்லாம் இதில் இருக்கிறது’ என்கிறார். பார்க்கலாம், சடங்கு, வழக்கம் தெரியும். ஆனால் வெள்ளைக்கார அதிகாரி யாரோ ஒருவர் சொன்னதைக் கேட்டு எழுதின சாதிக் குறிப்பை உங்கள் தாத்தாவின் வாழ்க்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான சாதி வரலாற்றுச் சிறுநூல்கள் இன்னொரு ரகம். ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய அச்சுத் தமிழ் பார்க்கிற யாரும் இவற்றைத் தவிர்க்க முடியாது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த சேகரிப்பு, அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி இங்கேயே வைத்தது, இப்போது தரமணியில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து படித்தால் எல்லாச் சாதியும் பாண்டியர் வாரிசு என்று தெரியவரும். பாண்டியருக்கு அவ்வளவு பிள்ளைகள். அந்தப் புத்தகங்களில் நான் படிப்பது கடைசிப் பக்கங்களை மட்டும்: நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியல், ஊர்ப் பெயரோடு. எங்கள் ஊர்க்காரர் இருவரை அப்படித்தான் பிடித்தேன், ஒருவர் ரங்கூன் முகவரியில்.

மார்ச் 19

தென்னாப்பிரிக்காவுக்குக் கூலியாகப் போன முன்னோரின் ஊரை எப்படித் தேடுவது என்று ‘டர்பன் பேத்தி’ என்பவர் எழுதியிருக்கிறார், அவருடைய கேள்விக்கு எங்களைவிட அவருக்குத்தான் ஆவணம் அதிகம். முதல் கப்பல் ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்தது 1860 நவம்பர் 16. அதிலிருந்து 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. ஊரில் நிலம் வைத்திருந்தவனுக்குக்கூட இவ்வளவு விவரம் எழுதி வைக்கப்படவில்லை. குடும்ப எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் கிராமம் கிடைக்கும். எழுத்தன் காதில் விழுந்தபடி எழுதினது, அதனால் ஊர்ப் பெயரை வாய்விட்டுச் சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

இலங்கைக்குப் போனவர்களுக்கு இந்த மாதிரி எதிர்பார்க்க வேண்டாம். அது கங்காணி முறை, கங்காணி தன் ஊர், தன் சொந்தம் என்று ஆள் சேர்த்துக் கூட்டிப் போவான். ஆனால் அதனாலேயே ஒரு லாபம்: ஒரு தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் வீட்டில் குடும்ப அட்டை இருக்கும், அதைத் தொலைத்துவிடாதீர்கள். தோட்டங்களைப் பற்றிய மலர்களும் பழைய பத்திரிகைகளும் இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கான ‘நூலகம்’ என்ற இணையதளத்தில் நிறைய இருக்கின்றன.

மார்ச் 20

நேற்று எழுதினதைப் படித்துவிட்டு ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார்: நிலமே இல்லாதவர்கள்? பத்திரம் பத்திரம் என்று நான் எழுதிக்கொண்டே போனது அவருக்குக் குத்தியிருக்கிறது, நியாயம்தான்.

சேரிக்காரர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் காலத்தில் பத்திரமும் கிடையாது, பட்டாவும் கிடையாது. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையும், அதையொட்டி 1892-ல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க வந்த பஞ்சமி நில அரசாணையும் அந்த நிலைமையை அரசாங்கமே ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி. அதற்குப் பிறகு பஞ்சமி நிலம் ஒப்படைக்கப்பட்ட ஊர்களில், கிராம நிலக் கணக்கான பழைய ‘அ’ பதிவேட்டில் பெயர் இருக்கும். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர் வேலை நடந்த 1980-களுக்கு முந்தைய பதிவேடாகக் கேளுங்கள், பிந்தையதில் வேறு ஆள் பெயர் ஏறியிருக்கலாம், இதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. கிறிஸ்தவர்களானவர்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு, திருநெல்வேலியில் இது பெரிய புதையல். மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும், வேறு வழி கண்டவர்கள் எழுதுங்கள்.

மார்ச் 24

இழையில் இதுவரை ஒரு பெண் பெயர்கூட வரவில்லை என்று டர்பன் பேத்தி சுட்டிக்காட்டியிருக்கிறார். அவருடைய பட்டியலில் பெண்களுக்கும் தனி எண், தனி வரி. இங்கே ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் விதவை’.

பெரும்பாலும் விதவையான பிறகுதான் பத்திரத்தில் பெண்ணுக்குப் பெயர் வருகிறது. எங்கள் பூட்டி அப்படித்தான் கிடைத்தாள். மைனர் மகனுக்குக் கார்டியனாக அரைக்காணி நிலத்தை ஈடு வைத்த பத்திரம். கீழே அவளுடைய கைநாட்டு, மை அதிகமாகி ரேகையே தெரியாமல் அப்பியிருக்கிறது. பக்கத்தில் ‘மேற்படியாள் கைரேகை’ என்று எழுத்தன் கையெழுத்து. அதன் கீழே சாட்சிகள், இரண்டு பேருமே அவளுடைய பிறந்த ஊர்க்காரர்கள். கொழுந்தன்மார் நாலு பேர் உள்ளூரில் இருக்கும்போது சாட்சிக்கு அண்ணன் தம்பியை வரவழைத்திருக்கிறாள். ஏன் என்று எழுதியா வைப்பார்கள்? ஆனால் அந்தக் கொழுந்தன் வகையறாவோடு எங்களுக்கு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

சாட்சிகளின் ஊரை எப்போதும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 2

பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தேன். தெற்கே அன்றைக்கு அவரவர் சாஸ்தா கோவிலுக்குப் போவது வழக்கம், எங்கிருந்தாலும் வந்துவிடுவார்கள். போன இடத்தில்தான் காராச்சேவுவிடம் கேட்காமல் விட்ட கேள்வி ஞாபகம் வந்தது: உங்கள் குலதெய்வம் எந்த ஊரில்?

ஏப்ரல் 2, இரவு

வடகரையில். பத்திரத்தில் இருக்கும் அதே ஊரில். ‘அது சும்மா சாமி கும்பிடப் போகிற ஊர் அண்ணாச்சி’ என்கிறார். வருஷா வருஷம் வேன் பிடித்துப் போய்ப் பொங்கல் வைக்கிற ஊரை விட்டுவிட்டு வேறெங்கோ தேடியிருக்கிறார் மனுஷன்!

ஏப்ரல் 6

வடகரை ஊரை இனி எப்படித் தேடுவது என்பதற்குப் பதில். அந்த ஊர் சர்க்காருக்கு நேராகத் தீர்வை கட்டின சர்க்கார் கிராமமா, ஜமீனா, மானியமாக விட்ட இனாமா என்று முதலில் பாருங்கள். சர்க்கார் கிராமம் என்றால் விவசாயி பெயரில் நேராகத் தீர்வை போட்ட ரயத்துவாரி செட்டில்மெண்ட் பதிவேடு இருக்கும், பட்டாதாரர் பெயரோடு. ஜமீன் என்றால் பெரும்பாலும் 1948 ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசு அளந்து பதிவேடு போட்டது, அதற்கு முந்தைய கணக்கில் பெரும்பகுதி ஜமீன் கச்சேரியோடு போயிற்று, கோர்ட் வழக்கில் சிக்கினது போன்ற சிலதான் தப்பியது. இனாம் என்றால் உங்களுக்கு யோகம்: 1858-ல் தொடங்கிய இனாம் கமிஷனின் பதிவேடுகளில் யார் அனுபவிக்கிறார், எந்த வழியில் வந்தது என்று வாரிசு சொல்லி எழுதியிருப்பார்கள்.

இவற்றுக்குச் சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக்காப்பகம். 1909-லிருந்து அதே கட்டடம். அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், எதற்கு என்று தெளிவாக எழுதுங்கள். ‘குடும்ப வரலாறு’ என்று மொட்டையாக எழுதாமல் ஊர், தாலுகா, பழைய மாவட்டம், வருஷம் எல்லாம் போட்டால் உதவி செய்பவர்களுக்கும் சுலபம். பென்சில் கொண்டு போங்கள். தூசு ஒத்துக்கொள்ளாதவர்கள் மாஸ்க்.

ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணத்தின் வாரிசு யாராவது இருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். 1980 நவம்பரில் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தபோது எல்லாக் கணக்கும் தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துவிடவில்லை, சில பரணில் ஏறிவிட்டன.

இந்த மாதக் கடைசியில் நானும் எழும்பூரில் வேறு வேலையாக இருப்பேன். ஊர் எந்த வகை என்று தெரிந்ததும் தாசில்தார் ஆபீசில் சொன்னதை அப்படியே இங்கே போடுங்கள் தம்பி, எந்தப் பதிவேட்டைக் கேட்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.